குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்: நல்ல ப்ரீடரை அடையாளம் காண்பது எப்படி?

எட்டு வாரக் குட்டி, நாயோ பூனையோ, எதுவானாலும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு வயதில் இடுப்பு மூட்டு வலியால் நொண்டப்போகும் குட்டியும் இன்று துள்ளி ஓடும். ஐந்து வயதில் பார்வை மங்கப்போகும் குட்டியும் இன்று உங்கள் விரலைத் துரத்தும். இதயத் தசை தடித்துப்போகக்கூடிய பூனைக்குட்டி நூல் உருண்டையோடு கரணம் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே குட்டியைப் பார்த்து ப்ரீடரை, அதாவது இணை சேர்த்துக் குட்டிகளை வளர்த்துத் தருபவரை, எடைபோட வழியில்லை.

எடைபோட வேண்டியவை வேறு. தாயையும் தந்தையையும் இணை சேர்ப்பதற்கு முன் அவர் என்ன பரிசோதனைகள் செய்தார்? குட்டிகள் பிறந்தபின் முதல் இரண்டு மாதம் எப்படி வளர்த்தார்? இவை நீங்கள் அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. உங்களுக்குக் கிடைப்பவை தடயங்கள் மட்டுமே. அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

'பேப்பர் இருக்கு' என்றால் என்ன அர்த்தம்?

கென்னல் கிளப் எனப்படும் நாய்ச் சங்கம் அல்லது பூனைச் சங்கம் தரும் பதிவுச் சான்றிதழைத்தான் எல்லோரும் 'பேப்பர்' என்கிறார்கள். அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இந்தக் குட்டியின் தாய் யார், தந்தை யார், என்ன இனம், எப்போது பிறந்தது என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமானதா, வளர்த்தவர் நல்லவரா என்று சொல்லாது. இருட்டறையில் அடைத்து வளர்த்த நாயின் குட்டிக்கும் பேப்பர் கிடைக்கும்.

அதற்காகப் பேப்பர் வீண் என்று சொல்லவில்லை. அதில் இருக்கும் பெயர்களும் பதிவு எண்களும்தான் மற்ற எல்லாவற்றையும் சரிபார்க்க உதவும் சாவி. கூடவே தரப்படும் வம்சாவளிப் பட்டியலில் ஒரே பெயர் தாய் வழியிலும் தந்தை வழியிலும் வருகிறதா என்று பாருங்கள். நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். உடன்பிறந்தவற்றையோ, தாயையும் மகனையுமோ இணைத்தால், அந்த நெருக்கத்தைக் காட்டும் எண்ணான உட்கலப்புக் கெழு 25 சதவீதம். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகள் என்றால் 12.5. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவென்றால் 6.25. முந்தைய தலைமுறைகளிலும் உட்கலப்பு இருந்திருந்தால் உண்மையான எண் இதைவிடக் கூடும். எண் ஏற ஏற, ஒளிந்திருக்கும் நோய் மரபணுக்கள் இரட்டையாகச் சேர வாய்ப்பும் ஏறுகிறது. இந்த எண் என்னவென்று கேட்டால் நல்ல ப்ரீடருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

'டாக்டர் பார்த்தாச்சு' என்பது பரிசோதனை அல்ல

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கால்நடை மருத்துவர் குட்டியைத் தொட்டுப் பார்த்து, இதயத்தைக் கேட்டு, காய்ச்சல் இல்லை என்று எழுதித் தருவது ஒன்று. பெற்றோருக்கு அந்த இனத்தில் பரம்பரையாக வரும் நோய்கள் இருக்கின்றனவா என்று எக்ஸ்ரே, ஸ்கேன், மரபணு சோதனை மூலம் பார்ப்பது முற்றிலும் வேறு. ஆங்காங்கே இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

பெரிய நாய்களில் முதலில் கேட்க வேண்டியது இடுப்பு மூட்டு. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் என எதுவானாலும் தாய், தந்தை இருவருக்கும் இடுப்பு எக்ஸ்ரே முடிவு வேண்டும். முழங்கை மூட்டு முடிவும் வேண்டும். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய, மூட்டு எக்ஸ்ரேக்களைத் தரம் பிரிக்கும் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இடுப்பை ஏழு தரங்களாகப் பிரிக்கிறது. எக்ஸலன்ட், குட், ஃபேர் ஆகிய முதல் மூன்றும் நல்லவை. சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. முறையில் ஏ முதல் ஈ வரை, ஏ சிறந்தது. பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 106. பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக இதில் எண் குறைவாக இருப்பதே நல்லது.

ஓ.எஃப்.ஏ. இறுதித் தரத்தை 24 மாதம் நிறைந்த பிறகுதான் தருகிறது. அதற்கு முன் கிடைப்பது தற்காலிக மதிப்பீடு. ஆகவே தாய்க்கு இப்போது ஒன்றரை வயது, 'ஓ.எஃப்.ஏ. முடிஞ்சுது' என்று ஒருவர் சொன்னால் கணக்கு இடிக்கிறது. பென்ஹிப் என்ற இன்னொரு எக்ஸ்ரே முறையில் 16 வாரத்திலேயே எடுக்கலாம், எனவே எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.எஃப்.ஏ. முடிவுகளை நாயின் பதிவுப் பெயரையோ எண்ணையோ கொண்டு அவர்களின் இணையத் தளத்தில் நீங்களே தேடலாம். ப்ரீடர் காட்டும் தாளை விட இது மேல்.

அடுத்து மரபணு சோதனை. முடிவு மூன்று விதமாக வரும்: கிளியர் (பழுதான பிரதி இல்லை), கேரியர் (ஒன்று உண்டு), அஃபெக்டட் (இரண்டும் பழுது). இதில் 'கேரியர்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டியதில்லை. ஒடுங்கு மரபணுவால் வரும் நோய்களில், அதாவது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும் என்ற வகையில், கேரியர் நாய்க்கு நோய் வராது. லாப்ரடார்களில் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோயின் ஒரு வகையும், கடும் ஓட்டத்துக்குப் பின் கால் சரிந்து விழவைக்கும் ஈ.ஐ.சி. நோயும் இப்படிப்பட்டவை. கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியர்களாக இருக்கும். கேரியரோடு கேரியரைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மற்ற எல்லா வகையிலும் சிறந்த ஒரு கேரியர் நாயை, சோதித்த கிளியர் நாயோடு சேர்ப்பவர் விவரம் தெரிந்தவர். இரண்டில் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு, அது கேரியர் என்று தெரிந்தும் மற்றதைச் சோதிக்காமல் விட்டவர் சூதாடுகிறார்.

ஓங்கு மரபணு நோய்களில் கதை மாறும். பெர்சியன் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை வளர்க்கும் பி.கே.டி. நோய்க்கு ஒரே ஒரு பழுதான பிரதி போதும். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு வரும். மரபணு சோதனையில் தெளிவாகத் தெரிந்துவிடுகிற நோய் என்பதால், பெர்சியன் குட்டி விற்பவரிடம் பெற்றோரின் பி.கே.டி. முடிவு இல்லை என்றால் அதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

மரபணு சோதனையே எல்லாம் என்றும் எண்ணிவிடக்கூடாது. மெய்ன் கூன் பூனைகளில் இதயத் தசை தடிக்கும் எச்.சி.எம். நோய்க்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005-இலும், ராக்டாலில் இன்னொன்று 2007-இலும் கண்டறியப்பட்டன. ஆனால் அந்த மாற்றம் இல்லாத பூனைகளுக்கும் எச்.சி.எம். வருகிறது. அதனால் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளுக்கு இதய ஸ்கேனும் வேண்டும், அதுவும் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வதாக இல்லாமல் ஆண்டுதோறும். டோபர்மேன் நாயிலும் இதே நிலைதான்: இதய ஸ்கேனோடு, 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று வருடத்துக்கு முந்தைய 'நார்மல்' தாளை நீட்டினால் அது பழைய செய்தி.

டால்மேஷனில் குட்டிகளையே சோதித்திருக்க வேண்டும். இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி மற்றவற்றைப் போலவே நடந்துகொள்ளும். கை தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து வாரத்துக்குப் பிறகு பேயர் என்ற கருவிச் சோதனையில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக முடிவு கிடைக்கும்.

சோதனை தாண்டிய சிக்கல்கள்

சில விஷயங்களில் எந்தச் சான்றிதழும் உதவாது. ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் மடிந்த காது, உடல் முழுதும் குருத்தெலும்பைப் பாதிக்கும் ஒரு மரபணுக் கோளாறின் வெளி அடையாளம். காதை மடிக்கும் அதே பழுதுதான் கால், வால் மூட்டுகளையும் வலிக்கவைக்கிறது. மடிந்த காதுக்காகவே குட்டி எடுப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவரைப் பரிந்துரைக்க முடியவில்லை.

மெர்ல் எனப்படும் புள்ளி கலந்த சாம்பல் நிற நாய்களில் இரண்டு மெர்ல்களை இணை சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். அவற்றுக்குக் கண்ணோ காதோ பழுதாகும் ஆபத்து மிக அதிகம். பெற்றோர் இரண்டும் மெர்ல் என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பக், ஃபிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் தாயையும் தந்தையையும் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சுவாசத் தரச் சோதனையில் நாயை மூன்று நிமிடம் வேகநடை நடக்கவைத்து, முன்னும் பின்னும் மூச்சொலியைக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் மூன்று நிமிட நடையை உங்கள் கண்முன் கேட்டு வாங்கலாம். கொர்ர் கொர்ர் என்ற சத்தத்தை 'இந்த இனமே அப்படித்தான்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

மிகச் சிறிய உருவத்தைக் குறிக்கும் 'டீகப்', 'அரிய நிறம்' என்ற இரண்டு சொற்களும் விலையை ஏற்றுவதற்காகப் பிறந்தவை. டீகப் என்று ஒரு இனமே கிடையாது.

தாயைப் பார்ப்பது

'தாயைப் பார்த்துப் பெண்ணை எடு' என்று பெரியவர்கள் சொன்னது நாய்க்கும் பூனைக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்தும். குட்டி பிறந்து வளர்ந்த இடத்தில், தாயும் குட்டிகளும் சேர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 'தாய் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது', 'வழியில் எங்காவது சந்திக்கலாம், நானே கொண்டுவந்து தருகிறேன்' என்ற பதில்கள் வந்தால், அவர் வேறிடத்தில் வாங்கி விற்கும் இடைத்தரகராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏதோ ஒரு பெட்டை நாயைக் காட்டி 'இதுதான் தாய்' என்று சொல்வதும் நடக்கிறது. பாலூட்டிய தாயின் காம்புகள் நீண்டு தொங்கும், வயிற்றுத் தோல் தளர்ந்திருக்கும், பெரும்பாலும் முடி கொட்டி மெலிந்திருக்கும். கட்டுடலோடு பளபளவென்று நிற்கும் நாயின் வயிறு இறுக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குட்டிகள் அதனிடம் ஓடிப் பால் தேடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

தாய் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது? முதலில் குரைத்து, ப்ரீடர் சொன்னதும் அடங்கி, மோப்பம் பிடிக்க வந்தால் சரி. மூலையில் ஒடுங்கி நடுங்குவதோ, கடிக்கப் பாய்வதோ சரியில்லை. அச்ச சுபாவம் பரம்பரையாகவும் வருகிறது, குட்டிகள் தாயைப் பார்த்தும் கற்கின்றன.

தந்தை அங்கே இல்லாதது குறையே இல்லை. பொருத்தமான கடுவனை, அதாவது ஆணை, தேடி வேறிடத்துக்குப் போய் இணை சேர்ப்பதுதான் அக்கறையுள்ளவர்களின் வழக்கம். தந்தையின் பதிவுப் பெயரும் சோதனை முடிவுகளும் படங்களும் இருந்தால் போதும். கைவசம் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருவத்திலும் அதே இரண்டையும் சேர்ப்பவரிடம்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

தாயின் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது என்று தேதியோடு கேளுங்கள். பிரிட்டனின் கென்னல் கிளப், நான்கு ஈற்றுக்கு மேலும், எட்டு வயதுக்கு மேலும், இரண்டு சிசேரியனுக்குப் பிறகும் பிறக்கும் குட்டிகளைப் பொதுவாகப் பதிவு செய்வதில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் எட்டு வாரம்

நாய்க்குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்துக்குள் முடிகிறது. பூனைக்குட்டிக்கு அது இன்னும் சுருக்கம்: சுமார் 2 முதல் 7 வாரம் வரை. அதாவது பூனைக்குட்டி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. கூண்டிலேயே வளர்ந்து மனிதக் கை படாத பூனைக்குட்டியை நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அது முழுதாகப் பழகாமல் போகலாம். குட்டிகள் வீட்டுக்குள், குக்கர் சத்தத்துக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் நடுவே வளர்ந்தனவா என்று பாருங்கள். காலடியில் மாறுபட்ட தரைகள், கடிக்கப் பொருள்கள், தூங்கும் இடத்திலிருந்து தள்ளி மலம் கழிக்கத் தனி இடம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தினசரி எடைக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இதை எதிர்பார்க்காத ப்ரீடர்கள் திணறிப்போவார்கள். உண்மையிலேயே கவனித்து வளர்த்தவர்கள் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்கள். பிறந்த குட்டி நோய்வாய்ப்படும்போது எடை ஏறாமல் நிற்பதுதான் முதல் அறிகுறி என்பதால், அக்கறையுள்ளவர்கள் கிராம் கணக்கில் எழுதி வைப்பார்கள்.

நாய்க்குட்டியை 8 வாரத்துக்கு முன்பும், பூனைக்குட்டியைப் பெரும்பாலான சங்கங்களின் வழிகாட்டுதல்படி 12 வாரத்துக்கு முன்பும் பிரிக்கக்கூடாது. அவசரத்தில் வயதைக் கூட்டிச் சொல்பவர்களைப் பல் காட்டிக்கொடுக்கும். 8 வார நாய்க்குட்டிக்கு 28 பால் பற்களும் முளைத்திருக்கும். மிகச் சிறிய இனங்களில் சற்றுத் தாமதமாகலாம். கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் ஈறைக் கிழிக்கின்றன என்றால் அது ஐந்து வாரக் குட்டியாக இருக்கக்கூடும். 12 வாரப் பூனைக்குட்டியின் கண், சயாமீஸ், ராக்டால் போன்ற நீலக்கண் பூனைகளைத் தவிர, பிறந்த நீலத்திலிருந்து மாறியிருக்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையொப்பம் மூன்றும் வேண்டும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடரும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஊசியின் வேலையைத் தடுக்கும், அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை தவணை. ஏழு வாரக் குட்டிக்கு 'எல்லா ஊசியும் முடிஞ்சுது' என்றால், சொல்பவருக்கு விவரம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நாய்க்குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். ரத்த வழியாகவும் பால் வழியாகவும் தாயிடமிருந்தே புழு வந்துவிடுகிறது.

நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில்தான் அறிகுறி தெரியும். வீட்டுக்கு வந்த மறுநாளே குட்டிக்கு ரத்த வயிற்றுப்போக்கு என்றால், அது உங்கள் வீட்டில் பிடித்ததல்ல.

பூனை வாங்குபவர்கள் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. பெற்றோருக்கு பூனை லுகேமியா, பூனை எய்ட்ஸ் வைரஸ் சோதனை செய்தீர்களா? பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் இனங்களில் ரத்த வகை பார்த்தீர்களா? பி வகைத் தாயின் சீம்பாலைக் குடிக்கும் ஏ வகைக் குட்டி சில நாளில் இறந்துபோகலாம். இதை ஒரு நிமிடத்தில் விளக்கத் தெரிந்தவர் பாடம் படித்தவர்.

பேச்சில் தெரிவது

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: 'இந்தத் தாய்க்கு ஏன் இந்தக் கடுவனைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' நல்ல ப்ரீடர் தன் நாயின் குறையிலிருந்து தொடங்குவார். தாய்க்கு முதுகு சற்று நீளம், கொஞ்சம் பதற்றம், அதைச் சரிசெய்ய இவனைத் தேடினேன் என்பார். 'சாம்பியன் வம்சம்', 'செம்ம லுக்' என்பதைத் தாண்டிப் பதில் போகாவிட்டால், பக்கத்தில் கிடைத்த கடுவனோடு சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 'உங்கள் வரிசையில் என்னென்ன நோய் வந்திருக்கிறது?' என்பது அடுத்தது. ஒன்றுமே வந்ததில்லை என்றால், அவர் இத்தொழிலுக்குப் புதியவர் அல்லது பழைய குட்டிகளின் கதியை விசாரிக்காதவர்.

நல்ல ப்ரீடர் உங்களையும் குடைந்து கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த பிராணி என்ன ஆனது, வாடகை வீடா என்றெல்லாம். எரிச்சல் வரலாம், ஆனால் வரவேற்க வேண்டிய எரிச்சல். ஊசி போடாத குட்டியைத் தொட விடாததும், செருப்பைக் கழற்றிக் கை கழுவச் சொல்வதும், எந்தக் குட்டி யாருக்கு என்று ஏழாவது வாரத்துக்குப் பிறகு தானே முடிவு செய்வதும், மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வதும் அப்படித்தான். எல்லா இனமும் எல்லா நேரமும் தயாராக வைத்திருந்து, கேள்வியே கேட்காமல் 'எப்போ அனுப்பட்டும்?' என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

தொலைவில் இருப்பவரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் நேரலை வீடியோ அழைப்பு கேளுங்கள். தாயையும் குட்டிகளையும் ஒரே சட்டகத்தில் காட்டி, நீங்கள் அப்போது சொல்லும் ஒரு சொல்லை எழுதிக் குட்டியருகில் பிடிக்கச் சொல்லுங்கள். திருடிய படங்களை வைத்து விற்பவரால் இதைச் செய்ய முடியாது.

ஒப்பந்தமும் கையளிப்பும்

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதில் முதலில் தேட வேண்டிய வரி: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் நாயை அல்லது பூனையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வேன் என்பது. 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டச் சொல்லும் வரியும், பரம்பரை நோய்க்கு ஓரிரு ஆண்டுப் பொறுப்பும் இருக்க வேண்டும்.

பொறுப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கூர்ந்து படியுங்கள். 'நோய் வந்தால் குட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு குட்டி வாங்கிக்கொள்ளலாம்' என்பது மட்டுமே இருந்தால் அது வெற்று வாக்கு. ஒரு வருடம் மடியில் தூங்கியதை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்று எழுதியவருக்குத் தெரியும். சிகிச்சைச் செலவில் பங்கு அல்லது விலையைத் திருப்பித் தருவது என்று கேளுங்கள். குறிப்பிட்ட நிறுவனத்தின் சத்து மாத்திரையைத் தொடர்ந்து வாங்கினால்தான் பொறுப்பு செல்லும் என்ற நிபந்தனை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே பேசுவது விற்பனைக் கமிஷன்.

மோசமான இடம் என்று தெரிந்தும், 'பாவம், இந்தக் குட்டியையாவது காப்பாற்றுவோம்' என்று வாங்கத் தோன்றும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் தாயின் அடுத்த ஈற்றுக்குத்தான் போகும். படம் எடுத்து விலங்கு நல அமைப்பிடம் புகார் கொடுப்பது அந்தத் தாய்க்கும் உதவும்.

எல்லாம் சரியாக இருந்து குட்டியை வாங்கும் நாளில் உரிமை மாற்றப் படிவம், தடுப்பூசி அட்டை, பெற்றோர் சோதனை நகல்கள், இதுவரை சாப்பிட்ட உணவில் ஒரு வாரத்துக்கானது, தாயின் வாசம் படிந்த ஒரு துணி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, குட்டியின் தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பை உங்கள் முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உலகத் தர சிப் என்றால் 15 இலக்க எண் வரும். பேப்பரில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மாறினாலும், இதுவரை பார்த்த தாள்கள் அனைத்தும் வேறு ஏதோ ஒரு குட்டிக்கானவையாக இருக்கலாம். காரணம் தெளிவாகும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.